ஏக்கர் ஐந்து ஷில்லிங், மலைக்காட்சி இலவசம்

காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் கடலை மண் போட்டு நிரப்பி, 233 ஹெக்டயரில் ஒரு சீனக் கம்பனி நகரம் எழுப்பப்போகிறது என்று 2014-ல் அடிக்கல் வைத்தபோது கொழும்பில் ஒரே அமளி. வெளிநாட்டான் வந்து காணி பிடிக்கிறானாம், 99 வருசக் குத்தகையாம், நம்ம சனம் நாளைக்கு வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க வேண்டுமாம் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக வியர்த்தன. பதுளைக்காரர்கள் அந்தப் பக்கங்களை நிதானமாகப் படித்துவிட்டு வடை சுற்றக் கொடுத்தார்கள். அவர்கள் ஊரில் இந்தப் படம் வெளியாகி நூற்றெழுபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. வில்லன் மட்டும் அப்போது தொப்பி போட்டிருந்தான்.

காணி வியாபாரத்தில் முதல் வேலை இடத்தைத் துப்புரவாக்குவது. பதுளை இருக்கிற ஊவாவில் அது 1818-ல் நடந்தது. அதற்கு மூன்று வருசம் முன்னால் கண்டிப் பிரதானிகளுக்குத் தங்கள் ராசாவோடு மனத்தாங்கல். தகப்பனோடு கோபித்துக்கொண்டு வீட்டை வட்டிக்கடைக்காரனுக்கு எழுதிக் கொடுக்கிற மூத்த பிள்ளையைப்போல, 1815-ல் நாட்டை இங்கிலாந்து ராசாவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே வருசத்தில் புத்தி தெளிந்தது. 1817-ல் ஊவா, வெல்லஸ்ஸப் பக்கத்தில் கலகம் வெடித்தது. பதுளையிலிருந்த வெள்ளைக்கார அதிகாரி வில்சன் அம்பு பட்டுச் செத்தார். கலகத்தை அடக்கிவிட்டு வா என்று அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவ, போன இடத்தில் கலகக்காரரோடு சேர்ந்துகொண்டார். சேருமுன் ஒரு காரியம் செய்தார் பாருங்கள்: அரசாங்கம் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவ்வளவு யோக்கியமான ஆள் ஜெயித்ததாகச் சரித்திரத்தில் எங்கேயும் இல்லை. 1818 நவம்பர் 26-ல் கண்டியில் அவர் தலையை வெட்டினார்கள். மண்டை ஓட்டை அளந்து குணம் சொல்லும் சாஸ்திரம் அப்போது பிரித்தானியாவில் மோஸ்தரில் இருந்ததால், அவர் மண்டை ஓடு எடின்பரோவுக்குக் கப்பலேறியது. ஊவாவிலிருந்து ஸ்கொட்லாந்துக்குப் போன பேர்பெற்ற முதல் சரக்கு தேயிலை அல்ல. சுதந்திரம் கிடைத்த பிறகுதான் மண்டை ஓடு ஊர் திரும்பியது.

தேசாதிபதி பிரவுன்ரிக்கின் படைகள் வீடுகளை எரித்தன, நெல்லையும் மாட்டையும் கொண்டுபோயின, அணைகளை உடைத்தன, பழமரங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. வயல் காய்ந்த இடத்தில் காடு வளர்ந்தது. இருபது வருசம் கழித்து இன்னொரு வெள்ளைக்காரர் கூட்டம் வந்து பார்த்துவிட்டு, "அடடா, ஆளே இல்லாத பூமி" என்று ஆச்சரியப்பட்டது.

ஆச்சரியத்தைச் சட்டமாக்கினார்கள். 1840-ஆம் வருசத்து 12-ஆம் இலக்கச் சட்டம் சொன்னது இது: காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரில்லாத நிலம் எல்லாம் முடிக்குச் சொந்தம், இல்லையென்றால் நீ நிரூபி. கண்டி நாட்டுச் சேனைக் காட்டுக்கு ராசா கொடுத்த சன்னஸ் பத்திரம் வேண்டும், அல்லது வரி கட்டிய அத்தாட்சி வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து சேனை வெட்டிக் குரக்கன் விதைத்த கிராமத்தான், அந்த வருசம் நிலத்தை ஆறப் போட்டிருந்தானானால் போச்சு. அது "பயிரில்லாத நிலம்". அந்தக் காலத்தில் நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்:

"ஊவா எஸ்டேட்ஸ், முதலாம் கட்டம்! ஏக்கர் வெறும் ஐந்தே ஷில்லிங்! நாலாயிரம் அடி உயரம், ஓடைத் தண்ணீர், மலைக்காட்சி இலவசம். பழைய குடியிருப்பாளர்: சட்டப்படி இல்லை. யானை: உண்டு, அகற்றித் தரப்படும்."

வாங்க வந்தவர்கள் யார் என்று பார்த்தால் விற்க உட்கார்ந்திருந்தவர்களேதான். தேசாதிபதி ஸ்டுவர்ட் மெக்கன்சி வாங்கினார். காலனிச் செயலாளர் அன்ஸ்ட்ரதர் வாங்கினார். நிலத்தை அளக்கிற சர்வேயர் ஜெனரல் நொரிஸ் வாங்கினார். நீதிபதிகள், படை அதிகாரிகள், பாதிரிமார் என்று பாதி அரசாங்கமே மலைநாட்டில் காப்பித் தோட்டக்காரனாகிவிட்டது. இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஜோர்ஜ் டர்னர். மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த பெரும் பண்டிதர். பழைய ராசாக்கள் விகாரைகளுக்கு நிலம் நிலமாகத் தானம் கொடுத்த கதையை எழுதி எழுதி, தனக்கும் கொஞ்சம் தானம் கொடுத்தால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். அளப்பவனும் விலை வைப்பவனும் வாங்குபவனும் தீர்ப்புச் சொல்பவனும் ஒரே மேசையில் சாப்பிட்டால் வியாபாரத்தில் சிக்கல் வராது. 1844-ல் விலை ஏக்கருக்கு ஒரு பவுனாக ஏறியது. தங்களுக்கு வேண்டியதை வாங்கி முடித்தபிறகு விலையேற்றுவது பெரிய மனிதர் வழக்கம்.

நோட்டீசில் யானை அகற்றித் தரப்படும் என்று எழுதியது விளையாட்டுக்கு அல்ல. அந்த ஒப்பந்தக்காரர் பதுளையிலேயே இருந்தார். மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ், பதுளையின் உதவி அரசாங்க அதிபர், படைத் தளபதி, பாதை போடுபவர், வழக்குத் தீர்ப்பவர். இத்தனைக்கும் நடுவில் 1,400-க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு வருச உத்தியோகத்தில் இவ்வளவு என்றால், மூன்று நாளைக்கு ஒரு யானை. கச்சேரியில் பைல் எப்போது பார்த்தாரோ தெரியவில்லை. தந்தம் விற்ற காசில்தான் பதவி உயர்வுகளை வாங்கினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அப்படியானால் அவர் பாடு இன்னும் பாவம். இலங்கை யானைகளில் கொம்பன் அபூர்வம். ஒரு ஜோடித் தந்தத்துக்காக எத்தனை வெறுங்கை யானைகளை மினக்கெட்டுச் சுட்டிருப்பார்!

1845 ஜூன் மாதம் அப்புத்தளையில் நல்ல இடி மழை. ரொஜர்ஸ் அங்கே ரெஸ்ட் ஹவுசில் ஒதுங்கியிருந்தார். மழை விட்டுவிட்டதா என்று பார்க்க வராந்தாவுக்கு வந்தார் என்பார்கள். மின்னல் நேரே வந்து அவரை மட்டும் விசாரித்துவிட்டுப் போயிற்று. நுவரெலியாவில் புதைத்தார்கள். அந்தக் கல்லறையையும் மின்னல் விடவில்லை, அடித்துப் பிளந்தது என்று சொல்கிறார்கள். பதுளைச் சனம் இதை யானைகளின் சாபம் என்று நம்பியதில் ஆச்சரியமில்லை. நண்பர்கள் மட்டும் அசரவில்லை. காசு சேர்த்து அவர் நினைவாகப் பதுளையில் புனித மார்க் தேவாலயம் கட்டினார்கள். இன்றும் நிற்கிறது. யானைகளுக்கு நினைவுச்சின்னம் எதுவும் இல்லை.

காடு போயிற்று, யானை போயிற்று, கிராமத்தானுக்குக் காடு அந்நியமாயிற்று. இப்போது காப்பி பறிக்க ஆள் வேண்டும். தன் காட்டையே பறித்தவனிடம் கூலிக்குப் போகக் கிராமத்தான் ஒப்பவில்லை. அவனுக்குச் சோம்பேறி என்று பட்டம் சூட்டிவிட்டு, துரைமார் கடல் தாண்டி ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் கண்ணை ஓட்டினார்கள். அங்கே பஞ்சம். பஞ்சத்தைவிடக் கெட்டிக்கார ஆள்பிடி தரகன் கிடையாது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, காய்ச்சலிலும் பேதியிலும் பாதையோரத்தில் விழுந்தவர் போக, மிச்சம் பேர் மாத்தளை தாண்டி மலையேறினார்கள். பதுளைக்கு வந்தவர்களுக்கு அதற்கும் மேலே நடை. பின்னாளில் வந்தவர்களிடம், தேயிலைக்கு அடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணி சொன்னதாக மலையகத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. காணித் தரகு விளம்பரத்தில் அதைவிடப் பெரிய பொய்யை இன்னும் யாரும் எழுதவில்லை. நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்.

வந்தவன் நடந்து வந்த செலவு அவன் கணக்கில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக நினைத்தால் "துண்டு" வேண்டும். அதில் அவன் கடன் எவ்வளவு என்று எழுதியிருக்கும். புதுத் துரை அதைக் கட்டி அவனை எடுத்துக்கொள்வார். 1921-ல் சட்டம் போட்டு நிறுத்தும்வரை இது நடந்தது.

அடுத்தது நகரத் திட்டமிடல். மலை உச்சியில், காற்றும் காட்சியும் உள்ள இடத்தில் பெரியதுரை பங்களா. கொஞ்சம் இறங்கிச் சின்னதுரை. அதற்கும் கீழே டீமேக்கரும் கிளாக்கரும். பிறகு கணக்கப்பிள்ளை. மற்றக் காரியத்துக்கு உதவாத சரிவிலும் பள்ளத்திலும் தொழிலாளருக்கு லயம். காம்பரா ஒன்று பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு குடும்பத்துக்கு ஒன்று. சில லயங்களில் முதுகோடு முதுகு சேர்த்து இரண்டு வரிசை, பின்சுவர் பொது, அதனால் பின்கதவும் இல்லை, சன்னலும் இல்லை, அடுத்த வீட்டுச் சண்டை மட்டும் இலவசம். உயரமான மாடியில் பணக்காரன், அடியில் வேலைக்காரன் என்று இன்றைய ஆசிய நகரங்களில் கட்டட நிபுணர்கள் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்கிறார்களே, அந்த அடுக்குமாடியை ஊவாவில் கொன்கிரீட் இல்லாமலே மலைச்சரிவில் கட்டிவிட்டார்கள். லிஃப்ட் மட்டும் வைக்கவில்லை. அதைக் கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு எமிலி வந்தாள்.

பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையில் கல்லூல என்று ஒரு தோட்டம். 1869-ல் அங்கே காப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி தெரிந்தது. நிபுணர்கள் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று லத்தீனில் பேர் வைத்தார்கள். லத்தீன் வாயில் நுழையாத துரைமார் "நாசகார எமிலி" என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். இலங்கையின் காப்பிச் சாம்ராச்சியத்தைக் கவிழ்த்த நோய் முதலில் கண்ணில் பட்டது எங்கள் மடுல்சீமையில் என்பதில் ஊவாக்காரனுக்கு ஒரு கள்ளப் பெருமை இருக்கத்தான் வேண்டும். கெப்பெட்டிபொலவால் முடியாததை ஒரு பூஞ்சணம் சத்தமில்லாமல் முடித்தது. துரைமார் முதலில் நம்பவில்லை. காப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் இன்னும் காடு வெட்டி இன்னும் நட்டார்கள். 1884-ல் ஓரியண்டல் வங்கி இழுத்து மூடியது. கனவான்கள் பெட்டி கட்டினார்கள். செத்த காப்பிச் செடியின் தண்டுகளை இங்கிலாந்துக்கு அனுப்பி, தேநீர் மேசைக்குக் கால் கடைந்தார்கள் என்றும் ஒரு கதை. உண்மையோ பொய்யோ, வருத்தத்திலும் வியாபாரம் செய்கிற சாமர்த்தியத்துக்கு அது பொருந்துகிறது.

சந்தை விழுந்தால் யார் வருவான்? மளிகைக்காரன் வருவான். காப்பிக்குப் பதில் தேயிலை நடத் தொடங்கியிருந்த நேரம், 1890-ல் தோமஸ் லிப்டன் வந்தார். கிளாஸ்கோவில் ராட்சதச் சீஸ் கட்டிக்குள் தங்கக் காசு ஒளித்து விற்றுப் பேரெடுத்த ஆள். காப்பி செத்ததால் மலிவாகக் கிடந்த தோட்டங்களைப் பார்த்து, அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னை முதலான தோட்டங்களை வாங்கிப் போட்டார். நடுவில் தரகன் இல்லை, தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கேத்தலுக்கு என்று விளம்பரம். மூன்று ஷில்லிங் விற்ற தேயிலை இவரிடம் ஒரு ஷில்லிங் ஏழு பென்னி. லண்டன் ஏழைக்குத் தேத்தண்ணி மலிந்தது. தரகனை வெட்டினார் சரி, மீதியை எங்கே மிச்சம் பிடித்தார் என்று கேட்கிறவர்கள் பத்தடிக்குப் பன்னிரண்டைப் போய்ப் பார்க்கலாம்.

தம்பேதென்னைக்கு மேலே அவர் உட்கார்ந்து காணி பார்த்த மலைமுனைக்கு லிப்டன் சீட் என்று பேர். இப்போது டிக்கெட் வாங்கி ஏறினால் அங்கே அவர் சிலையோடு உட்கார்ந்து படம் எடுக்கலாம். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே சமவெளியெல்லாம் தெரியும். கீழே கொழுந்து பறிக்கும் பெண்களும் தெரிவார்கள். அவர்களுக்கென்று சீட் எதுவும் இல்லை, பறிப்பது நின்றுகொண்டுதானே. லிப்டனுக்கு ஒரே ஒரு குறை. அமெரிக்கக் கிண்ணப் படகுப் பந்தயத்தில் 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை போட்டியிட்டு ஐந்திலும் தோற்றார். பாவம் என்று அமெரிக்கர்களே காசு சேர்த்து ஆறுதல் கிண்ணம் கொடுத்தார்கள். தோற்றால் கிண்ணம் என்ற இந்த விதி தம்பேதென்னை லயங்கள்வரை வந்து சேரவில்லை.

அப்புத்தளையில் இன்னொரு துரை, சேர் தோமஸ் வில்லியர்ஸ். ஜோர்ஜ் ஸ்டுவர்ட் கம்பனித் தலைவர், பிரபு வம்சம். ஊர் ஞாபகம் வந்ததும் நம்மவர் இட்டலி தேடுவார்கள்; இவர் கோட்டை தேடினார். கென்ட் நாட்டு லீட்ஸ் கோட்டையின் சாயலில் கல் மாளிகை கட்டி, 1931-ல் குடியேறி, அடிஷம் என்று தன் ஊர்ப் பேரையே வைத்தார். உலகமெங்கும் சந்தை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்த காலம் அது என்பது வேறு விசயம். பின்னால் அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாயிற்று. இப்போது அங்கே கொய்யாப்பழ ஜெலி விற்கிறார்கள். நன்றாக இருக்கும். கட்டியவர் செய்ததிலேயே ஊருக்கு உருப்படியாக மிஞ்சியது அதுதான்.

தியத்தலாவையையும் சொல்லாமல் விடக்கூடாது. 1900-ல் தென்னாப்பிரிக்காவில் பிடித்த போயர் போர்க் கைதிகள் ஏறக்குறைய 5,000 பேரை அங்கே கொண்டுவந்து முகாம் போட்டார்கள். சண்டை முடிந்ததும் அவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சண்டையே போடாமல் வந்தவர்கள் மட்டும் பக்கத்து மலையில் அப்படியே இருந்தார்கள்.

1948-ல் வெள்ளைக்காரன் போனான். போனவன் காணியை விடவில்லை, கம்பனிகள் லண்டனில் பத்திரமாக இருந்தன. புது அரசு வந்த வேகத்தில் யாரை அந்நியன் என்று தீர்மானித்தது தெரியுமா? காணி வைத்திருந்த லண்டன்காரனை அல்ல; லயத்திலிருந்தவனை. அந்த வருசத்து 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவனிடம் தகப்பன், பாட்டன் இங்கே பிறந்த பத்திரம் கேட்டது. நூறு வருசத்துக்கு முன் கிராமத்தானிடம் சன்னஸ் கேட்ட அதே குரல். அடுத்த வருசம் வாக்கும் போயிற்று. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரை ரேசன் அரிசிபோலப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம். பதுளை, அப்புத்தளை ஸ்டேசன்களில் தலைமன்னார்ப் பக்கம் போக ஏறியவர்கள் அழுத அழுகையில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வந்தது.

அதன்பிறகு காணி கைமாறிய வேகம் இருக்கிறதே! 1975-ல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது. எல்லாம் மக்கள் சொத்து என்றார்கள். மக்கள் பட்டியலில் லயக்காரன் பேர் இல்லை. 1992-ல் அரசு களைத்துப்போய்த் தனியார் கம்பனிகளிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. முதல் குத்தகை வாடகை எவ்வளவு? ஒரு முழுத் தோட்டத்துக்கு, வருசத்துக்கு, ஐந்நூறு ரூபாய். பூச்சியம் ஏதும் விட்டுப்போகவில்லை. பிறகு வெட்கம் வந்து 1996-ல் உயர்த்தினார்கள். குத்தகை 2045 வரை. முடி, காப்பிக் கம்பனி, தேயிலைக் கம்பனி, கூட்டுத்தாபனம், மறுபடி கம்பனி என்று ஒவ்வொரு தடவையும் செடி, ஸ்டோர், மெசின், பங்களா, லயம் எல்லாம் எண்ணி ஒப்படைக்கப்பட்டன. லயத்துக்குள் இருந்தவர்களை எண்ணுவதற்கு அவசியம் வரவில்லை. அவர்கள் கட்டடத்தோடு சேர்த்தி.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களின்மேல் விழுந்தது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் சொல்லியிருந்தது. சொன்னவர்களிடம் கடிதம் இருந்தது. கேட்டவர்களிடம் போக வேறு காணி இல்லை. பிழைத்தவர்கள் ஓடாத ஒரு தேயிலை ஸ்டோருக்குள் நீண்ட காலம் கிடந்தார்கள். இதில் நக்கலடிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. கொழும்பில் கடலை நிரப்ப அடிக்கல் வைத்து ஒன்றரை மாதம்கூட ஆகியிருக்கவில்லை அப்போது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு, தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் என்று பேச்சு சூடு பிடித்தது. இந்தியா வீடு கட்டித் தருகிறது. சில இடங்களில் கட்டியும் ஆயிற்று. ஏழு பேர்ச் என்பதை 1840 விலையில் கணக்குப் போட்டால் இரண்டு பென்னியும் கொஞ்சம் சில்லறையும் வருகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய மனிதர்கள் ஏக்கர் ஏக்கராக ஒரே நாளில் வாங்கினார்கள்; இந்த இரண்டு பென்னிக் காணியைக் கொடுக்க எடுத்த காலத்தில் இரண்டு சாம்ராச்சியமும் ஆறேழு தேசாதிபதிப் பரம்பரையும் மண்ணாகிவிட்டன. கொடுத்த இடத்திலும் உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டால், அது வருகிறது என்பார்கள். பதுளையில் கோச்சியும் அப்படித்தான் வரும்.

இளசுகள் காத்திருக்கவில்லை. அப்புத்தளையிலும் லுணுகலையிலும் பள்ளிக்கூடம் முடித்ததும் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். அங்கே படைத் தலைமையகம் இருந்த காணியில் ஷங்ரிலா ஹோட்டல் எழும்பியது. பேரை வாவிப் பக்கம் கொல்கத்தாக் கம்பனி கட்டிய அல்டேர் கோபுரம், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கிறது, வேண்டுமென்றே அப்படி. இந்த மாதிரிக் கோபுரங்களில் சீமெந்து குழைக்கவும், டைல்ஸ் பதிக்கவும், முடிந்ததும் வாசலில் செக்யூரிட்டி உடுப்போடு நிற்கவும் மலைநாட்டுப் பையன்கள் வேண்டும். பழைய தலைமுறை மன்னாரிலிருந்து மேலே நடந்தது. இது மேலேயிருந்து கீழே வருகிறது. தங்குவது வத்தளையிலோ கிராண்ட்பாஸிலோ ஓர் அறையில் ஐந்தாறு பேர். அறை பத்தடிக்குப் பன்னிரண்டு இருந்தால் யோகம்.

அப்படி ஒருவன் நாற்பதாம் மாடியில் இத்தாலி டைல்ஸ் பதித்துச் சேர்த்த காசில், ஊரில் அம்மாவுக்குக் காம்பராவின் பின்னால் ஒரு கக்கூஸ் கட்ட ஆசைப்படுகிறான் என்று வையுங்கள். கல்லும் சீமெந்தும் அவனே வாங்கிவிடுவான், வேலையும் அவனே செய்வான். ஆனால் காணி கம்பனியுடையது. அனுமதி இல்லாமல் ஒரு கல் வைத்தால் சட்டவிரோதக் கட்டடம். ஆகவே துரைக்குக் கடிதம் எழுதுகிறான். துரை, தனக்கு அதிகாரமில்லை என்று அதைக் கொழும்புத் தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்புகிறார். தலைமைக் காரியாலயம் இருப்பது ஒரு மாடிக் கட்டடத்தில். அங்கே கக்கூசுக்கு டைல்ஸ் பதித்தது இவனாகவே இருந்தாலும் இருக்கலாம்.